இருபத்து மூன்றாம் இலக்கம் என்னுடையது

பாலாவிச் சந்தியில் கற்பிட்டிப் பக்கம் திரும்பியதும் வலது கைப் பக்கம் நிற்கிற கராஜ் நான் கட்டியது. கிடுகுக் கொட்டிலாக இருந்ததைக் கல் வைத்துக் கட்டினேன். காற்றடிக்கிற மெசின் வாங்க வழியில்லாத நாளில் பழைய பிரிஜ்ஜின் கம்ப்ரசரையும் வெறும் கேஸ் சிலிண்டரையும் பொருத்தி நானே ஒன்று செய்தேன்; பன்னிரண்டு வருஷம் ஓடியது. பைக்கைத் தூக்கி நிறுத்துகிற மேசையை உடைந்த மீன்பிடிப் போட்டின் இரும்பிலிருந்து செய்தேன். ஊரே பெற்றோல் வரிசையில் நின்ற காலத்திலும் ஒரு நாள் கதவு அடைக்கவில்லை. மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தேன். ஒருத்தி பல் டாக்டர். நான் படித்தது பள்ளிவாசல்துறையில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும், அதுவும் ஐந்தில் பாதி. இதில் எதற்கும் எவனும் எனக்கு ஒரு நட்டுக்கூடச் சும்மா தந்ததில்லை.

போன வருஷம் சாவியை மூத்தவனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். போன மாதம் நமது மெக்கானிக் சங்கத்துப் பொடியன்மார் இரண்டு பேர் வந்தார்கள். சங்கத்து மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரவேண்டுமாம். கையில் ஒரு துண்டுப் பிரசுரமும் கொண்டுவந்தார்கள், நான் பார்த்துச் சந்தோசப்படட்டும் என்று. 'பழைய டூரிங் பைக் வாங்குமுன் பார்க்க வேண்டிய நாற்பது விடயங்கள்.' வழவழப்பான கடதாசி. கீழே கொழும்பில் இருக்கிற ஓர் ஆலோசகரின் பெயர். ஆலோசகர் என்றால் என்ன வேலை என்று கேட்டேன். ஆலோசனை சொல்கிறவர் என்றார்கள். அவர் கையில் கிறீஸ் இருக்குமா என்று கேட்டேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வாசித்தேன். இருபத்து மூன்றாவதில் வந்து நின்றுவிட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இந்த டூரிங் பைக் பைத்தியத்தைப் பற்றி. புது வண்டி நாட்டுக்குள் வராமல் நின்றுபோன வருஷங்களில் பழையதுக்கெல்லாம் பொன் முலாம் பூசிவிட்டார்கள். பாண் வாங்கக் கடைக்குப் போகிறவனுக்கும் இரண்டு பக்கம் பெட்டி, பின்னால் பெட்டி, முன்னால் நாலு லைட். கற்பிட்டிக் கடலில் பட்டம் பிடித்துக்கொண்டு தண்ணீரில் ஓடுகிற வெள்ளைக்காரரைப் பார்த்துப் பார்த்து நம்மவனுக்கும் தூரம் போகிற ஆசை வந்துவிட்டது. போகட்டும். ஆனால் வாங்குகிற விதத்தைப் பாருங்கள். முதலில் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பான். பிறகு ஹோர்னை அடிப்பான். பிறகு பக்கத்தில் நின்று படம் எடுப்பான். அதோடு பரிசோதனை முடிந்தது. இப்போதைய மெக்கானிக்மார் அதற்கும் மேலே. வயரில் போனைக் குத்திவிட்டு அது சொல்வதை வாசிக்கிறார்கள். போனுக்குத் துரு தெரியுமா?

நான் தொழில் பழகியது சிலாபத்தில், மார்ட்டின் பாஸிடம். மூன்று வருஷம் கழுவினேன், மூன்று வருஷம் கழற்றினேன், கடைசி மூன்றில்தான் பூட்ட விட்டார். அவ்வளவுதான் என் படிப்பு.

மார்ட்டின் பாஸ் சிங்களவர், வேதக்காரர். தமிழ் பேசுவார், ஆனால் சொல்லை எண்ணித்தான் வெளியே விடுவார். யாராவது பழைய பைக்கைப் பார்க்கக் கொண்டுவந்தால் முதலில் விற்கிறவனைத் தேத்தண்ணிக் கடைக்கு அனுப்பிவிடுவார். விற்கிறவன் பக்கத்தில் நின்றால் பைக்குக்குப் பதிலாக அவன் பேசுவான் என்பது அவர் கணக்கு. பிறகு உள்ளங்கையை என்ஜினில் வைப்பார். சூடாக இருந்தால் கையை எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வா" என்பார். வேறு ஒரு சொல் கிடையாது. விடியற்காலையில் முதல் ஸ்டார்ட்டில் எழும் சத்தத்தையும் புகையையும் மறைக்கத்தான் சூடாக்கிக் கொண்டுவருகிறார்கள் என்று எனக்கு விளங்க ஒரு வருஷம் எடுத்தது. எத்தனை பெரிய ஆள் கொண்டுவந்தாலும் நாளைக்கு வா என்பதுதான். ஒரு முறை பொலிஸ் பெரியவர் ஒருவரையே இரண்டு நாள் நடக்க வைத்தார்.

என்ஜின் ஆறியிருந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பைக்கை மூன்று சுற்றுச் சுற்றுவார். தொடமாட்டார். மூன்றாவது சுற்றுக்குப் பிறகுதான் தொடுவார். நடு ஸ்டாண்டில் ஏற்றி, முன்சில்லை நிலத்திலிருந்து கிளப்பி, ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்புவார். நடுவில் ஓர் இடத்தில் சிக்கி நின்றால் கழுத்து பெயாரிங் போய்விட்டது. பின்சில்லைப் பக்கவாட்டில் ஆட்டுவார்; ஆடினால் ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்துவிட்டது. செயினைப் பின்பல்லிலிருந்து வெளியே இழுப்பார். பல் பாதி தெரிந்தால் செயினும் பல்லும் முடிந்தது. ஒயிலை விரலில் தேய்ப்பார். பால் மாதிரி வெளுத்திருந்தால் என்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. தூரம் ஓடுகிற பைக்கில் ஆளாளுக்கு லைட்டும் சார்ஜரும் இழுத்துக் கொழுவி சார்ஜிங்கைக் கொன்றிருப்பார்கள். பெற்றரியில் மீட்டரை வைத்து அதையும் பார்ப்பார். கடைசியாகச் சீட்டைக் கழற்றி, பாரப் பெட்டி தொங்குகிற பின்பக்கச் சட்டத்தை மூட்டு மூட்டாகத் தடவுவார். டூரிங் பைக் உடைந்தால் அங்கேதான் உடையும். பாரம் முழுக்க அங்கேதான்.

இதெல்லாம் அவருடையது. நான் என்னுடையது என்று சொல்லமாட்டேன். அடுத்தவன் சாமானுக்கு என் பெயரை ஒட்டுகிற பழக்கம் எனக்கில்லை. அது கொழும்பில் இருக்கிற பழக்கம்.

என்னுடையது நாக்கு.

கராஜுக்கு வருமுன் வாப்பாவோடு உப்பு வாய்க்காலில், அதாவது உப்பு விளைவிக்கிற பாத்தியில், வேலை செய்தவன் நான். உப்பு விளைகிற தண்ணீரை நாக்கு நுனியில் வைத்தே இன்றைக்கு வாரலாமா நாளைக்கா என்று சொல்லுவேன். மார்ட்டின் பாஸிடம் ஒரு பைக் வந்தது. குருநாகல் பைக், கடற்கரைப் பக்கமே வந்ததில்லை என்று விற்கிறவன் சத்தியம் செய்தான். சட்டக் குழாயின் முனையில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைப் பிடுங்கி உள்ளே விரலை விட்டேன். பழுப்பாகத் துரு வந்தது. துரு எந்தப் பைக்கிலும் இருக்கும். மழைத் தண்ணீர்த் துரு மேலே படிந்து நின்றுவிடும். உப்புத் துரு உள்ளே தின்றுகொண்டே போகும். கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறம். நான் விரலை நாக்கில் வைத்தேன். உப்பு.

"ஒன்ட நாக்கு நாய்ட நாக்கா?" என்றார் மார்ட்டின் பாஸ்.

கராஜ் முழுக்கச் சிரித்தது. ஒரு கிழமைக்கு என்னை நக்கி என்றுதான் கூப்பிட்டார்கள். அடுத்த கிழமை பாஸ் என்னைக் கூப்பிட்டு மூன்று பழைய போல்ட்டை மேசையில் வைத்தார். எது எங்கே ஓடிய வண்டியுடையது என்று கேட்டார். துப்பித் துப்பி மூன்றையும் பார்த்தேன். ஒன்று வெறும் துரு, கடற்கரைப் பக்கம் ஓடாத வண்டி. ஒன்றில் உப்பு. மூன்றாவதில் உப்பும் ஒரு கசப்பும். அது வாய்க்காலிலிருந்து உப்பு மூட்டை ஏற்றிய வண்டி, அந்தக் கசப்பு வாய்க்கால் அடித்தண்ணீருடையது. மூன்றும் சரி. பாஸ் போல்ட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். ஆனால் அன்றிலிருந்து எந்தப் பழைய பைக் வந்தாலும், தன் வேலை எல்லாம் முடிந்த பிறகு என் பக்கம் திரும்பி நாடியை ஒருதரம் தூக்குவார்.

"வாய்."

அதுதான் கட்டளை. நான் போய் விரலை விடுவேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் ஓரமாக நின்று என் முகத்தைப் பார்ப்பார்கள்.

பாலாவியில் சொந்தக் கராஜ் போட்ட பிறகு இதற்காகவே ஆள் வந்தது. கடற்கரையில் இருக்கிறவனுக்கு உப்பைக் கண்டு பயம். அதனால் நம்மவர்கள் மலைநாட்டுப் பைக் என்றால் உயிரை விடுவார்கள். நம்பர் பிளேட்டில் மத்திய மாகாண எழுத்தைக் கண்டால் போதும், மூக்கு வேர்த்துவிடும். கடல் காணாத பைக் என்று புரோக்கர்மார் அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள். எழுத்தை நம்பி வாங்குகிறவனுக்கு எழுத்து வாசிக்கத் தெரிந்து என்ன பிரயோசனம்? நான் எழுத்தை வாசிப்பதில்லை.

நோன்பு மாதத்தில் மட்டும் பழைய பைக் பார்ப்பதை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்வேன். காரணம் எல்லாருக்கும் தெரியும்.

இனி அந்தப் பைக்.

தில்லையடியில் நஸ்மி என்று ஒருவன், உப்பு ஸ்டோரில் கிளார்க். மன்னாரிலிருந்து தொண்ணூறில் விரட்டப்பட்டு வந்த குடும்பம். மனைவி சிபாயா கல்யாண உடுப்புத் தைக்கிறவள். அவள் கை பட்ட உடுப்பு என்றால் சிலாபத்திலிருந்தும் ஆள் வரும். பதினாலு வருஷம் பிள்ளை இல்லை. ஊர்வாய் இவர்களை விடவில்லை. ஒரு நாள் இரண்டு பேரும் பேசி, இனி யார் கதையையும் கேட்பதில்லை, பைக்கில் ஏறி இந்த நாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம் என்று முடிவெடுத்தார்கள். முடிவு அவளுடையது. நஸ்மிக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது.

நோன்பு இருபதைத் தாண்டிய ஒரு நாள், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வருகிறேன், கராஜ் வாசலில் நஸ்மியும் சிபாயாவும் ஒரு புரோக்கரும் நிற்கிறார்கள். நடுவில் பைக். இருநூற்றைம்பது சீசீ, பெட்டி மூன்று, பின்னால் இருக்கிறவர் சாயச் சாய்மானம். பிளேட்டில் மலைநாட்டு எழுத்து. நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சிலாபத்திலிருந்து வேறு ஆள் எடுக்க வருகிறான், இப்போதே பார்த்துச் சொல்லுங்கள் என்றான் புரோக்கர். இது எல்லாப் புரோக்கரும் சொல்வது. எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்க்கத் தொடங்கினேன். ஏனென்றால் வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

என்ஜின் ஆறியிருந்தது. மூன்று சுற்று. கழுத்து சரி. செயின் சரி. ஒயில் சரி. முதல் ஸ்டார்ட்டில் பூனைக்குட்டி மாதிரி எழும்பியது, சார்ஜிங் மீட்டரும் சரியான இடத்தில் நின்றது. சீட்டைக் கழற்றினேன். சட்டத்தில் பெயின்ட் நல்ல பெயின்ட், மூட்டெல்லாம் இறுக்கம். ரப்பர் மூடியைப் பிடுங்கி விரலை விட்டேன். பழுப்பு. கை பழக்கத்தில் வாய்க்குப் போனது.

பாதி வழியில் நிறுத்தினேன்.

"என்ன பாஸ், நோன்பு தொறக்க இன்னம் நேரமிரிக்கி" என்றான் புரோக்கர். சனம் சிரித்தது. "நாக்கு இல்லாட்டி பாஸுக்குக் கண்ணும் தெரியாதா?"

நான் விரலைத் துணியில் துடைத்தேன்.

எழுதும்போது இந்த இடத்தில்தான் எனக்குக் கை நிற்கிறது. இப்படிச் செய்திருக்கலாம், நோன்பு திறந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சிலாபத்து ஆள் எடுத்துப் போனால் போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கு வா. மார்ட்டின் பாஸ் பொலிஸ் பெரியவருக்கே சொன்ன சொல். அது என் வாயில் வரவில்லை. நாக்கு இல்லாமல் எனக்கு ஒன்று தெரியவில்லை என்று பத்துப் பேர் முன்னால் ஒத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அவ்வளவுதான். வேறு காரணம் தேடவேண்டாம்.

"எடுக்கலாம் தம்பி" என்றேன்.

பெருநாள் முடிந்து ஆறாவது நாள் கிளம்பிப் போனார்கள். போகும் வழியில் கராஜுக்கு வந்து ஹோர்ன் அடித்துவிட்டுப் போனாள் சிபாயா. அடித்தது பின்னாலிருந்து, புருஷனுடைய தோளுக்கு மேலால் கையை நீட்டி. பண்டாரவளைக்கு அப்பால் ஓர் இறக்கத்தில் பின்சட்டம் இரண்டு பக்கமும் ஒரே தரத்தில் முறிந்தது. சீட்டு, பெட்டி, அவள், எல்லாம் றோட்டில். பின்னால் வந்த பஸ் டிரைவர் கெட்டிக்காரன், பஸ்ஸை ஒடித்துத் திருப்பிவிட்டான். உயிர் தப்பியது அவனால், என்னால் அல்ல. அவளுடைய வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. கத்தரிக்கோல் பிடிக்கிற கை.

பைக் லொறியில் வந்தது. கராஜ் நடுவில் வைத்து எல்லார் முன்னாலும் சட்டக் குழாயை நீளத்துக்கு அறுத்தேன். உள்ளே இரும்பு நனைந்த பட்டை மாதிரிப் படைபடையாக உரிந்து வந்தது. அடியில் கொஞ்சம் கடலேரிக் களப்புச் சேறு, சேற்றில் நகத்தளவு ஒரு சிப்பி. மலைநாட்டுப் பைக்குக்குள் சிப்பி. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு, குழந்தைக்குக்கூடத் தெரிகிற உப்பு.

புரோக்கரைப் பிடித்துக் கேட்டபோதுதான் கதை வந்தது. கற்பிட்டியில் விடுதி நடத்திய ஒருவன் றோட்டால் சுற்றிப் போகப் பஞ்சிப்பட்டு அந்தப் பைக்கைப் போட்டில் ஏற்றிக் களப்பைக் கடந்திருக்கிறான். நடுவில் போட் சரிந்து பைக் ஒரு பகல் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. எடுத்துப் போய்க் கழுவினார்கள். எதில்? கரையோரக் கிணற்றில். அந்தக் கிணறும் உவர்! உப்பை உப்பால் கழுவிய கெட்டிக்காரர்கள். பிறகு பெயின்ட் அடித்து மலைநாட்டுக்கு விற்று, அங்கே பதிந்து, கடல் காணாத பைக் என்று திரும்பவும் நம்மிடமே வந்தது. புரோக்கருக்கு எல்லாம் தெரியும். அவனைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் கடதாசிக்குத்தான் கேடு.

சிபாயா கையில் மாவுக்கட்டோடு நஸ்மியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் கதிரை போட்டேன். இருக்கவில்லை. நோன்பில் நாக்கில் வைக்கக் கூடாதென்று விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அண்ணன் முறைக்கு என்னை நானா என்றுதான் கூப்பிடுவாள் அவள்.

"நீங்க நோன்பு, நானா. நாக்கு வெக்கேலாது, சரி. நாளைக்கி வாங்கண்டு சொல்ல வாயிருந்திச்சே."

நஸ்மி அவளைப் பிடித்து இழுத்தான். விடு என்றேன்.

பின்னர் நமது மௌலவியிடம் கேட்டேன். தேவைக்காக நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால், தொண்டைக்குள் இறங்காவிட்டால், நோன்பு முறியாது என்றார். நாற்பது வருஷம் நாக்கால் தொழில் செய்தவன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. படித்தவர்களை எல்லாம் திட்டுகிறேனே, இந்தப் படிக்காதவனையும் ஒரு வரியில் திட்டி வைக்கிறேன்.

பின்சட்டத்தைப் புதிதாகச் செய்து தருகிறேன் என்றேன். தடித்த குழாய் எடுத்து வளைத்து, நானே வெல்ட் பிடித்தேன். சிபாயா ஒவ்வொரு நாளும் வந்து அந்தக் கதிரையில் இருந்தாள், இப்போது கேட்காமலே. தைக்க முடியாதவளுக்கு வேறு வேலை இல்லை. மூன்றாம் நாள் எழும்பி வந்து ஒரு மூட்டைக் காட்டினாள்.

"இந்த மூலைல தையல் விட்டிரிக்கி."

வெல்டிங் தையல் அல்ல, இது உன் கடை அல்ல என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். ஊசிமுனை அளவு ஓட்டை. தண்ணீர் போக அது போதும். அறுத்துவிட்டுத் திரும்பப் பிடித்தேன். என் கராஜில் ஐம்பது பேர் தொழில் பழகினார்கள். என் வெல்டில் ஓட்டை கண்டவள் அவள் ஒருத்திதான்.

அவள் கை சரிவரப் பத்து மாதம் போனது. முழுக்கச் சரிவரவில்லை, மணி கோர்க்கிற நுணுக்கம் இப்போதும் இல்லை என்கிறாள். ஆனால் அந்தப் பைக்கில் சுற்றி முடித்தார்கள். பருத்தித்துறை, பொத்துவில், தேவேந்திரமுனை. சட்டம் அசையவில்லை. அசையாது.

இனி அந்தத் துண்டுப் பிரசுரம். இருபத்து மூன்றாம் இலக்கம் இப்படி இருக்கிறது: 'பின்சட்டக் குழாயின் மூடியைக் கழற்றி உள்ளே உப்பு இருக்கிறதா என உறுதி செய்க. முன்பு ஒருவர் இதைச் செய்யத் தவறியதால் பாரிய விபத்து ஏற்பட்டது.' எப்படி உறுதி செய்வது என்று ஆலோசகர் எழுதவில்லை. அவருக்குத் தெரியாது. பைக்கின் அந்த மூடியை இந்த மாவட்டத்தில் முதன்முதலில் கழற்றி விரல் விட்டவன் நான். அதை என் கராஜில் நின்றவன் ஒருத்தன் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். எவன் என்றும் தெரியும்.

சங்கத்துக்குச் சொல்கிறேன். அடுத்த அச்சில் மூன்று திருத்தம் வேண்டும். செய்யாவிட்டால் இந்தக் கட்டுரையையும் மலரில் போடவேண்டாம்.

இருபத்து மூன்றில், நாக்கு நுனியில் வைத்துத் துப்பிப் பார்க்கவும் என்று முழுதாக எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போடவும். அதன் கீழே ஒரு வரி சேர்க்கவும்: பார்க்க முடியாத நிலைமை என்றால் நாளைக்கு வா என்று சொல்லி அனுப்பவும். அதற்குப் பக்கத்தில் தில்லையடி சிபாயா என்று போடவும். மார்ட்டின் பாஸின் சொல்தான், ஆனால் எனக்கு அதை விளங்க வைத்தவள் அவள்.

மூன்றாவது, 'முன்பு ஒருவர்' என்று மொட்டையாகப் போட்டிருக்கிறீர்களே, அதை வெட்டவும். வயதுக்கு மரியாதை கொடுத்து மறைத்தோம் என்று அந்தப் பொடியன்மார் சொன்னார்கள். அந்த மரியாதை எனக்கு வேண்டாம். உப்பைக் கண்டுபிடித்த நாக்கும் என்னுடையது, துணியில் துடைத்த விரலும் என்னுடையது. இரண்டு இடத்திலும் ஒரே பெயரைப் போடுங்கள், ஒரே அளவு எழுத்தில்: பள்ளிவாசல்துறை செய்னுலாப்தீன்.